வாங்கத் தெரியாத ஞானப்பூ

ஒரு ஊர்ல ஒரு கை இருந்துச்சு.

என்ன முழிக்க? கையேதான். குடுக்கிற கை. கை மட்டும் தனியா தெருவுல நடந்து திரியுமான்னு கேட்டா, திரியாது. அந்தக் கைக்குப் பின்னால ஒரு ஆள் உண்டு. அவ பேரு ஞானப்பூ. ஊரு பேரு முருங்கைவிளை. சுத்திச் செம்மண்ணு, சுத்திப் பனைமரம், நடுவுல வெள்ளை அடிச்ச ஒரு சின்னக் கோயில். கோயில் மணி டாங்... டாங்னு அடிச்சா கடக்கரை வரைக்கும் கேக்கும். நீ ம் கொட்டணும் மக்கா. கொட்டலைன்னா கதை கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரும்.

"ம்."

ஆங், அப்படி. இந்த ஞானப்பூ இருக்காளே, அவ புருஷன் கர்த்தருக்குள்ள போயி ரொம்ப வருஷம் ஆச்சு. பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டுக்குப் பின்னால நாலஞ்சு முருங்கைமரம், ஒரு கருப்புக் கோழி, வெள்ளச்சின்னு ஒரு ஆடு. அவ்வளவுதான் சொத்து. ஆனா குடுக்குறதுன்னு வந்துட்டா மகாராணி தோத்துப் போவா. சில பேரு எச்சில் கையால காக்கா விரட்ட மாட்டாங்க. இவ காக்காயைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பரிமாறுவா. யாருக்காவது காய்ச்சல்னா சுடு கஞ்சி போயிரும். யாரு வீட்டுக்காவது விருந்தாளி வந்தா முருங்கைக்காய் போயிரும். கோயில் அசனம் வந்தா, அசனம்னா தெரியும்லா, ஊரு முழுக்க ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுமே, அதுதான், அதுக்கு இவதான் முதல் ஆளா அரிசி கொண்டு போயி இறக்குவா. பந்தியில மட்டும் உக்கார மாட்டா. கரண்டியும் கையுமா நின்னு எல்லாருக்கும் பரிமாறிட்டு, வீட்டுக்கு வந்து தனியா பழைய கஞ்சியைக் குடிப்பா.

"ஏன்?"

அப்படிக் கேளு. அவளுக்கு ஒருத்தர் கையில வாங்கப் பிடிக்காது. அம்புட்டுதான். குடுக்கிறவ ஒரு படி மேல, வாங்குறவ ஒரு படி கீழன்னு மனசுக்குள்ள ஒரு ஏணியைச் சாத்தி வச்சிருந்தா. கீழப் படியில நிக்க அவளுக்குக் கூச்சம். ஆனா அதை அப்படியா வெளியில சொல்லுவா? "ஆண்டவர் எனக்கு ஒரு குறையும் வைக்கல, நீங்க வச்சுக்கிடுங்க"ன்னு சொல்லுவா. கேக்க நல்லாத்தான் இருக்கும்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுல இருந்து குழம்பு வந்தா, அந்தக் கிண்ணத்தை வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க. ரெண்டு பச்சமிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒண்ணும் இல்லைன்னா ஒரு சிட்டிகை சீனியாவது போட்டுத்தான் குடுப்பாங்க. கிண்ணம் போறதும் வாறதுமா டிங்கு டிங்குன்னு தெருவெல்லாம் சத்தம். ஞானப்பூ வீட்டுக் கிண்ணம் மட்டும் போகும்போது நெறஞ்சு போகும், வரும்போது வெறுசா வரும். அவதான் முன்கூட்டியே "ஒண்ணும் வச்சு அனுப்பாத"ன்னு சொல்லிருவாளே! ஊர்க்காரங்களும் சரி, அவ கொணம் அப்படின்னு விட்டுட்டாங்க.

அப்புறம் என்னாச்சு, அடுத்த வீட்டுக்கு ஒரு பொண்ணு குடிவந்தா. சலோமின்னு பேரு. கடக்கரைப் பக்கத்துப் பொண்ணு. அவ புருஷன் மலையாளத்துப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தான். அங்க மழை பெஞ்சா சூளை படுத்துரும். சூளை படுத்தா இங்க சலோமி அடுப்பும் படுத்துரும். கையில ஒரு பிள்ளை, எபினேசருன்னு. எபி, எபின்னு கூப்பிடுவா. நடக்கிற வயசு வந்துட்டு, ஆனா நடக்கல. சுவத்தைப் பிடிச்சு நிப்பான், தொப்புன்னு உக்காந்துருவான். நர்ஸம்மா வந்து காலை அமுக்கிப் பாத்துட்டு, "பிள்ளைக்குப் பெலம் பத்தல, பால் குடுக்கணும், குடுத்தா நடப்பான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பாலுக்கு எங்க போக? அது நல்ல கோடை. ஊர்ல இருக்கிற ஆடெல்லாம் மடி வத்திப் போயி நின்னுச்சு. முருங்கை இலையைத் தின்னு தின்னு பால் கறக்கிறது ஒரே ஒரு ஆடுதான். எந்த ஆடு?

"வெள்ளச்சி."

என் ராசாத்தி! வெள்ளச்சியேதான். ம்மேஏஏ.

சலோமி குடிவந்த அன்னைக்கே ஞானப்பூ ஒரு கிண்ணம் முருங்கைக்காய்க் குழம்பு குடுத்துவிட்டா. சலோமியும் சந்தோஷமா வாங்கிக்கிட்டா. மறுநாள் கிண்ணத்தைப் பளபளன்னு தேச்சுக் கழுவி எடுத்துட்டு வந்தா. மேல ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு மூடியிருந்தா. உள்ள ஒரு பிடி நெத்திலிக் கருவாடு. அவ அம்மா கட்டிக் குடுத்த கருவாட்டுல அதுதான் கடைசிப் பிடி. ஞானப்பூ அப்போ கிணத்தடியில நின்னா. கூட நாலு பொம்பளைங்க சளக்கு சளக்குன்னு தண்ணி இறைச்சுக்கிட்டு இருக்காங்க. இலையைத் தூக்கிப் பாத்துட்டு ஞானப்பூ சொன்னா:

"ஏட்டி, உன் அடுப்பே எரிய மாட்டேங்கு. எனக்கு எதுக்குட்டி கருவாடு? கொண்டு போயி நீயே பொரிச்சுத் தின்னு."

அன்பாத்தான் சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அந்த நாலு பொம்பளைங்களும் வாளியை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க. சலோமிக்கு முகம் சுருங்கிப் போச்சு. கருவாட்டை முந்தானையில தட்டிக்கிட்டா, கிண்ணத்தைக் கிணத்து மேடையில வச்சுட்டுப் போயிட்டா.

அன்னையில இருந்து... "ம்" எங்க?

"ம்."

அன்னையில இருந்து ஞானப்பூ எதைக் குடுத்தாலும் சலோமி வாங்க மாட்டா.

நர்ஸம்மா சொன்ன சேதி கேட்டதும் ஞானப்பூவுக்கு இருப்பு கொள்ளல. ஒரு செம்பு நெறைய வெள்ளச்சிப் பாலைக் கறந்தா. நுரை அடங்குமுன்ன ஓடினா. தட்டிக் கதவை டொக்கு டொக்குன்னு தட்டினா.

"சலோமி, பிள்ளைக்குப் பால் கொண்டாந்திருக்கேன்."

"இருக்கட்டும் சித்தி."

"உனக்கா தாரேன்? பிள்ளைக்குத்தான."

"வேண்டாம் சித்தி. நாங்க பாத்துக்கிடுதோம்."

கிரீச்னு கதவு சாத்திக்கிச்சு. உள்ள எபி ஙே... ஙேன்னு அழுதான்.

ஞானப்பூவுக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து பாலை மோந்து பாத்தா. கவிச்சி அடிக்கோ? அடிக்கல. ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. தித்திப்பாத்தான் இருந்துச்சு. செம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. செம்பும் சுத்தம். கடைசியில ஆட்டுகிட்டயே போயி, "ஏ வெள்ளச்சி, நம்ம பாலுக்கு என்ன குறை?"ன்னு கேட்டா. அது "ம்மே"ன்னுச்சு. பாவம், அதுகிட்ட கேட்டா அது என்ன சொல்லும்?

அப்போ வேலிக்கு அந்தப் பக்கம் கலகலன்னு சிரிப்புச் சத்தம். ஞானப்பூ சும்மா இருப்பாளா? பனைமட்டை இடுக்குல ஒரு கண்ணை வச்சுப் பாத்தா. எதிர்வீட்டு மரியாள் வந்திருக்கா. ரெண்டே ரெண்டு பச்சமிளகாயை நீட்டுதா, சலோமி வாங்குதா. சலோமி ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடிச்சு நீட்டுதா, மரியாள் வாங்குதா. ரெண்டு பேரும் நின்னு சிரிக்காங்க.

"ரெண்டு பச்சமிளகாயை வாங்குதா! என் செம்புப் பாலை வாங்க மாட்டேங்காளே!"

ஏன்னு உனக்குத் தெரியுதா மக்கா?

"ம்... கருவாடு."

பாத்தியா! உனக்கு வயசு அஞ்சு, நீ சொல்லிட்ட. அவளுக்கு வயசு அம்பதுக்கு மேல, அவளுக்குத் தெரியல. சரி, நீ அவகிட்ட சொல்லிராத. அவளாக் கண்டுபிடிக்கட்டும்.

அன்னைக்கு முழங்காலு போட்டு ஜெபம் பண்ணும்போது ஆண்டவர்கிட்டயே வழக்குக்குப் போயிட்டா. "ஆண்டவரே, நான் என்ன குத்தம் செஞ்சேன்? குடுக்கத்தான செஞ்சேன்? அவ ஏன் வாங்க மாட்டேங்கா?" ஆண்டவர் ஒண்ணும் சொல்லல. அவருக்கு என்ன அவசரம்?

அப்புறம் ஞானப்பூ ஒரு தந்திரம் யோசிச்சா. நான் குடுக்கிறேன்னு தெரிஞ்சாத்தான வேண்டாங்கா? தெரியாமக் குடுத்தா? அவகிட்ட ஒரு கருப்புக் கோழி இருந்துச்சுல்லா, அதைப் பிடிச்சா. கொக்... கொக்... கொக்... பிள்ளைக்கு முட்டையாவது கிடைக்கட்டும்னு, விடியுமுன்ன பூனை மாதிரி நடந்து போயி, சலோமி வீட்டு வாசல் தூண்ல கோழியைக் கட்டிப் போட்டுட்டு ஓடி வந்துட்டா. ஓடி வந்து தலையணைக்குள்ள முகத்தை வச்சு ஒரே சிரிப்பு. ஆண்டவரையே ஏமாத்திட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

சலோமி எந்திரிச்சு வந்து பாத்தா, வாசல்ல கோழி. "இது யாரு வீட்டுக் கோழி?"ன்னு தெரு முழுக்கக் கேட்டா. கருப்புக் கோழி எல்லா வீட்டுலயும்தான் இருக்கு, யாரும் நம்ம கோழின்னு சொல்லல. ஞானப்பூகிட்டயும் கேட்டா. ஞானப்பூ வானத்தைப் பாத்துக்கிட்டே, "யாரு கண்டா? ஆண்டவர் அனுப்பியிருப்பாரு"ன்னு சொன்னா.

"அப்படியா சித்தி"ன்னு சலோமி போயிட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல ஸ்தோத்திரப் பண்டிகை. விளைஞ்சதுல ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டாந்து குடுப்பாங்க. வாழைத்தாரு, பூசணிக்காய், கருப்பட்டி, நெல்லு, முட்டை, எல்லாம் முன்னால குமிஞ்சு கிடக்கும். ஆராதனை முடிஞ்சதும் கோயில் முத்தத்துல வச்சு ஏலம் விடுவாங்க. கோயிலைப் பாத்துக்கிடுற உபதேசியாரு மேசை மேல ஏறி நின்னு ஏலம் போடுதாரு. பூசணிக்காய் போச்சு, வாழைத்தாரு போச்சு. அப்புறம் அவரு கூடைக்குள்ள கையை விட்டு எதை வெளிய எடுத்தாரு?

"கோழியா?"

கோழிதான்! "இது சலோமி காணிக்கை. நல்ல முட்டைக் கோழி. ஒரு தரம்... ரெண்டு தரம்..." மூணு தரம் சொல்லுமுன்ன கோழி கூட்டத்தைப் பாத்துச்சு. ஞானப்பூவைப் பாத்துச்சு. அம்புட்டுதான்! படபடபடன்னு செறகை அடிச்சுக்கிட்டு உபதேசியாரு கையில இருந்து பறந்து, ரெண்டு பேரு தலையை மிதிச்சுத் தாண்டி, நேரா ஞானப்பூ மடியில வந்து உக்காந்துச்சு. உக்காந்து, "கொக்"னு ஒரு தடவை சொல்லிச்சு. "வீட்டுக்குப் போவமா"ன்னு கேக்குற மாதிரி.

ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. ஞானப்பூ தன் கோழியைத் தானே ஏலம் எடுத்துட்டு, மூஞ்சியை எங்க வைக்கன்னு தெரியாம நின்னா. சலோமி சிரிக்கல. பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னா:

"ஆண்டவர் அனுப்பினதுன்னு நீங்கதான சொன்னீங்க சித்தி. அதான் ஆண்டவருக்கே குடுத்துட்டேன்."

ஆனா அந்தச் சிரிப்புக்கு நடுவுல ஞானப்பூ ஒண்ணு கவனிச்சிருந்தா. கோழியைக் காணிக்கையா வைக்கும்போது சலோமி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். வயிறு ஒட்டிக் கிடக்கிறவ, கையில வந்த கோழியைக் குடுத்துட்டு, கழுத்தை நிமித்திக்கிட்டு நடந்து வந்தா. அந்த நடை எங்கயோ பாத்த நடையா இருக்கேன்னு ஞானப்பூ யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. வீட்டுக்கு வந்து கோழியை இறக்கி விடும்போதுதான் தோணுச்சு. அட, அது நம்ம நடைலா! நாம குடுத்துட்டு வரும்போது நடக்கிற நடை!

"ஓ... அப்போ அவளுக்கும் குடுக்கணும்னு ஆசை இருக்கு. சரி, நான் எதையாவது ஒண்ணை வாங்கிட்டேன்னா தீந்துச்சு. அப்புறம் அவ என்கிட்ட வாங்கித்தான ஆகணும்?"

கெட்டிக்காரி. பாதிக் கிணறு தாண்டிட்டா. பாதிக் கிணறு தாண்டினா என்ன ஆகும் மக்கா?

"விழுந்துருவா."

விழத்தான் போறா, இரு.

மறுநாள் காலையில மாங்காயைக் கீறி, உப்புப் போட்டுப் பிசறி, முத்தத்துல வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருந்தா. கையைக்கூடக் கழுவல, ஒரு சிரட்டையை எடுத்துக்கிட்டுச் சலோமி வீட்டுக்குப் போனா. செருப்பை வாசல்ல கழத்திப் போட்டா. முகத்தைப் பாவமா வச்சுக்கிட்டு, "சலோமி, ஒரு கை உப்பு இருந்தாத் தாயேன். வீட்டுல ஒரு கல்லு உப்பு இல்ல"ன்னா.

சலோமி சந்தோஷமாத்தான் எந்திரிச்சா. உப்புப் பானையைத் தொறந்து, கை நெறைய அள்ளி, சிரட்டையில போட வந்தா. வந்தவ அப்படியே நின்னுட்டா.

"சித்தி, உங்க கையெல்லாம் என்னது?"

ஞானப்பூ குனிஞ்சு பாத்தா. முழங்கை வரைக்கும் உப்பு. வெள்ளை வெளேர்னு, கல்லுக் கல்லா.

அள்ளின உப்பு திரும்பப் பானைக்குள்ளயே போச்சு. அப்புறம் சலோமி, கொரல் உசத்தாமத்தான் கேட்டா: "நான் குடுத்தா வேண்டாம். இல்லாத உப்பைக் கேட்டு எனக்கு விளையாட்டுக் காட்டணும். என்னை என்னன்னு நெனச்சீங்க சித்தி?"

ஞானப்பூவுக்கு அப்போதான் சுருக்குன்னுச்சு. கிணத்தடி, வாழையிலை, கருவாடு, திரும்பிப் பாத்த நாலு பொம்பளைங்க, எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. அய்யோ, அந்தப் பிள்ளை முகத்துல அடிச்ச மாதிரில்லா செஞ்சிருக்கேன்! சிரட்டையைப் போட்டுட்டு, செருப்பையும் மறந்துட்டு, விறுவிறுன்னு கொல்லை வழியா வீட்டைப் பாத்து நடந்தா. கண்ணுல தண்ணி வேற. வழி தெரியல. வேலி ஓரமா உடைமரம் நின்னுச்சு. அதுக்கு அடியில...

நறுக்!

"ஆஆ!"

ஆமா. முள்ளு. குதிங்கால்ல ஏறி உள்ளயே ஒடிஞ்சு நின்னுட்டு.

வீட்டுக்கு நொண்டி நொண்டி வந்து உக்காந்தா. குதிங்காலை நாம பாக்க முடியுமா? நீ பாரு, உன் குதிங்காலைத் திருப்பி. முடியல பாத்தியா? அவ காலை இப்படி வளைச்சா, அப்படி வளைச்சா, கண்ணாடியைத் தரையில வச்சுப் பாத்தா. முள்ளை முள்ளால எடுக்கணும்னு சொல்லுவாங்கல்லா, இன்னொரு முள்ளை ஒடிச்சுட்டு வந்து குத்திப் பாத்தா. ஒரு வலி ரெண்டு வலி ஆச்சு. அந்த வழியாப் போன மரியாள், "என்ன மதினி, காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நான் பாக்கட்டுமா?"ன்னு கேட்டா. ஞானப்பூ வாயில வந்தது என்ன தெரியுமா?

"ஒண்ணும் இல்ல, நீ போ."

பழகின வாய் அப்படி. திருந்துறதுன்னா சும்மாவா?

மறுநாள் விடிஞ்சா, கால் பூசணிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. தரையில ஊன முடியல. உடம்பு கணகணன்னு கொதிக்கு. அடுப்பு பத்த வைக்கல, குடத்துல தண்ணி இல்ல. வெளியில வெள்ளச்சி ம்மே... ம்மேன்னு கதறுது. மடியில பால் கட்டிக்கிட்டா ஆட்டுக்கு வலிக்கும், தெரியுமா? கறக்க ஆள் வேணும். பால் வச்சிருக்கிறது மட்டும் போதாது, அதை வாங்கிக்கிடுறதுக்கும் ஒருத்தர் வேணும். ஞானப்பூ பாயில கிடந்தபடியே அந்தக் கதறலைக் கேட்டுக்கிட்டு இருந்தா. என் ஆடும் என்னை மாதிரியே கத்துதேன்னு அவளுக்கு அழுகையா வந்துச்சு.

அப்போ வாசல்ல காலடிச் சத்தம். சரக்... சரக்...

சலோமி. இடுப்புல எபி, கையில ஞானப்பூவோட செருப்பு.

"செருப்பை விட்டுட்டு வந்துட்டீங்க சித்தி." வாசல்ல செருப்பைப் போட்டுட்டுத் திரும்பிட்டா.

திரும்பி ஒரு எட்டு வச்சுட்டா. இன்னொரு எட்டு வச்சுட்டா. கூப்பிடணும். ஞானப்பூ வாயைத் தொறக்கா, சத்தம் வரல. குதிங்கால் முள்ளைவிடப் பெரிய முள்ளு தொண்டையில நின்னுச்சு. மூணாவது எட்டு வைக்கப் போறா சலோமி...

"சலோமி! எனக்கு முடியலட்டி. கால்ல முள்ளு ஏறிட்டு. எடுத்து விடுதியா?"

கேட்டுட்டா! வாழ்நாள்ல முதல் தடவையா, நெசமாவே இல்லாத ஒண்ணை, நெசமாவே வேணும்னு கேட்டுட்டா.

சலோமி திரும்பிப் பாத்தா. மொதல்ல உப்புக் கை இருக்கான்னு பாத்திருப்பா போல. அப்புறம் காலைப் பாத்தா. "அய்யோ சித்தி!"ன்னு ஓடி வந்தா. எபியைப் பாயில உக்கார வச்சா. வெந்நி போட்டா. ஊக்கை நெருப்புல காட்டினா. ஞானப்பூ காலைத் தூக்கித் தன் மடியில வச்சா. ஞானப்பூ வெடுக்குன்னு காலை இழுத்துக்கிட்டா.

"மடியில வைக்காதட்டி, செம்மண்ணுக் காலு!"

"பேசாம இருங்க சித்தி."

பெரிய வியாழக்கிழமைதோறும் கோயில்ல சொல்லுவாங்கல்லா, ஆண்டவர் காலைக் கழுவ வந்தப்போ ஒரு சீஷரு என் காலைத் தொடக் கூடாதுன்னு அடம் பிடிச்சாராம். அப்போ ஆண்டவர், கழுவ விடலைன்னா உனக்கும் எனக்கும் ஒட்டு உறவு இல்லைன்னுட்டாராம். எத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கிட்டே ஞானப்பூ அசனத்துக்கு அரிசி கணக்குப் போட்டிருப்பா! இப்போதான் அது காதுக்குள்ள போச்சு. இழுத்த காலை மெதுவா நீட்டினா. திரும்பச் சலோமி மடியில வச்சா.

சலோமி வெந்நியால கழுவினா. ஊக்கால மெல்ல மெல்லக் கெல்லினா. ஸ்ஸ்... ஆ... ஸ்ஸ்... பொசுக்குன்னு வந்துச்சு முள்ளு! உள்ளங்கையில வச்சுக் காட்டினா, இவ்வளவு நீளம். சீழெல்லாம் வடிய விட்டு, மஞ்சளை இழைச்சுப் பத்துப் போட்டுத் துணி சுத்தினா. அப்புறம் யாரும் சொல்லாமலே வெளிய போயி வெள்ளச்சியைக் கறந்தா. சர்ர்... சர்ர்... சர்ர்... கதறல் நின்னுச்சு. செம்பு நெறைய பாலைக் கொண்டாந்து ஞானப்பூ தலைமாட்டுல வச்சா.

வச்சுட்டு, ஒரு சொட்டு எடுக்கல மக்கா. எபி அந்தச் செம்பையே பாத்துக்கிட்டு இருக்கான். கை ரெண்டையும் நீட்டுதான். ஞானப்பூ வாய் வரைக்கும் வந்துட்டு, "பிள்ளைக்கு எடுத்துக்கோட்டி"ன்னு. உள்ளங்கை அரிக்கு. கை தானா செம்பை நோக்கிப் போகுது.

போன கையை இழுத்தா. மடியில வச்சு இன்னொரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஏன் தெரியுமா? இப்போ குடுத்தா அது பால் இல்ல, முள்ளு எடுத்ததுக்குக் கூலி. திரும்பவும் இவ மேல்படிக்கு ஏறி நின்னுக்கிடுவா, அந்தப் பிள்ளை கீழப் படிக்குப் போயிருவா. அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா. முள்ளு எடுக்கும்போதுகூட அப்படி வலிக்கல அவளுக்கு.

ம்... தூங்கிட்டியா?

"இல்ல... எபி..."

வாரேன், வாரேன். சலோமி அவ வீட்டுக்குப் போயி ஒரு சட்டியில கஞ்சி கொண்டாந்தா. குறுநொய்க் கஞ்சி, தொட்டுக்கிட ஒரு உருண்டை தேங்காத் துவையல். அவ்வளவுதான் அவ வீட்டுல இருந்தது. ஞானப்பூ சட்டியைப் பாத்தா, அவளைப் பாத்தா.

"அன்னைக்குக் கொண்டாந்தியே ஒரு கருவாடு... அது இருக்காட்டி?"

"அது அன்னைக்கே தீந்துட்டு சித்தி."

"தீந்துட்டா. சரி. நான்தான் புத்தி கெட்டவ, அதை விட்டுட்டேன்."

சலோமி கஞ்சியை ஊத்தினா. ஞானப்பூ கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னா. தெனமும் சொல்லுற ஸ்தோத்திரந்தான், அன்னைக்கு அதை நிறுத்தி நிதானமாச் சொன்னா. அப்புறம் சர்ர்னு உறிஞ்சிக் குடிச்சா. அடேயப்பா! பசிக்கு அது தேனா இறங்குச்சு. இத்தனை வருஷமாத் தானே வச்சு, தானே குடிச்ச கஞ்சிக்கு இந்த ருசி இல்லையே, ஏன்னு நெனச்சுக்கிட்டே குடிச்சா. சட்டியைக் கீழ வச்சா. துவையலை வழிச்சு நக்கினா. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா?

"இன்னும் கொஞ்சம் ஊத்துட்டி."

சலோமிக்குச் சிரிப்பு வந்துட்டு. கலகலன்னு சிரிச்சா. மரியாள்கிட்ட சிரிச்ச அதே சிரிப்பு. ஞானப்பூவும் சிரிச்சா, கால் வலியோட. இருந்த கஞ்சி முழுக்க ஊத்திட்டு, சலோமி அங்கயே உக்காந்தா. எபி தவழ்ந்து தவழ்ந்து செம்புகிட்ட வந்துட்டான். சலோமி பிள்ளையைப் பாத்தா. தரையைப் பாத்தா. முந்தானை நுனியைத் திருக்கினா, பிரிச்சா, திரும்பத் திருக்கினா.

"சித்தி..."

"என்னட்டி?"

"எபிக்கு ஒரு டம்ளர் பால் வேணும்."

ஞானப்பூவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. கேக்காத வீட்டுக்கெல்லாம் தூக்கிட்டுத் தூக்கிட்டு ஓடியிருக்கா. அவகிட்ட வந்து உரிமையா "வேணும்"னு கேட்டது இந்தப் பிள்ளை ஒருத்திதான். ஆண்டவரே, இதுக்குத்தான் நீரு பேசாம இருந்தீரான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. வெளியில சொன்னது இவ்வளவுதான்.

"செம்பு அங்கதான இருக்கு. நீயே ஊத்திக்கோ."

எபி ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சான். மடக்... மடக்... மடக்... மூச்சு விடாமக் குடிச்சான். குடிச்சு முடிச்சு மேல் உதட்டுல வெள்ளை மீசையோட ஞானப்பூவைப் பாத்து "ஆ"ன்னான்.

சலோமி சட்டியை எடுத்துக்கிட்டு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு எந்திரிச்சா. வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிக் கேட்டா:

"நாளைக்கும் கஞ்சி வேணுமா சித்தி?"

ஞானப்பூ யோசிக்கவே இல்ல.

"வேணும்."

"எபி... நடந்தானா?"

நடக்காம? நடந்தான், ஓடினான், வெள்ளச்சி வாலைப் பிடிச்சு இழுத்து உதை வாங்கினான். அதெல்லாம் பகல்ல கேளு. கதைக்கு வயிறு நெறஞ்சுட்டு, அது காலை நீட்டிப் படுத்துட்டு. நீயும் படு மக்கா.